மூன்று பக்க நியாயம்

சனிக்கிழமை காலையில், பிள்ளைகள் கால்பந்து ஆடும் எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, கோட்டை மிதித்தும் மிதிக்காமலும் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். மடக்கு நாற்காலி கொண்டுவந்திருப்பார், அதில் உட்கார மாட்டார். குடை கொண்டுவந்திருப்பார், அதை விரிக்க மாட்டார். நடுவரைச் சுட்டிக்காட்ட அது வேண்டியிருக்கிறது. கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் போட்டி விதிமுறைகளின் நகல், அதில் அங்கங்கே மஞ்சள் கோடு. பந்து எந்தப் பக்கம் உருண்டாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே கேள்விதான்: "இது நியாயமா?"

இவர்தான் மைதான நியாயஸ்தர். இவரை யாரும் நியமிக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனால் இவர் வராத போட்டி என்று ஒன்று இதுவரை நடந்ததாகத் தகவல் இல்லை.

நாம் பார்க்கப்போகிற நியாயஸ்தர் வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவர். அடுத்தவர் பார்வையில் துளி பிசகு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தன் பார்வையைச் சோதித்துக்கொள்ள அவருக்கு ஏனோ நேரம் வாய்த்ததில்லை.

அவருடைய ஒரே மகளுக்குப் பதினொரு வயது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள் அணியில் ஆடுகிறாள். ஏழு பேர் ஆட்டம். அவள் இடம் முன்வரிசையில் நடுவில். மழையோ வெயிலோ ஒரு பயிற்சியையும் விட்டதில்லை. காய்ச்சல் வந்த அன்றுகூட கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போட்டவள்.

போன வருஷ ஃபைனலில் எதிரணிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வேறு அணியில் ஆடுகிற ஒரு நெட்டைப் பெண்ணை, அந்த ஒரு போட்டிக்கு மட்டும் கெஸ்ட் பிளேயராக அழைத்து வந்தார்கள். விதியில் அதற்கு இடம் இருந்தது. அந்தப் பெண் அலட்டிக்கொள்ளாமல் நாலு கோல் போட்டுவிட்டு, ஓரமாகப் போய் வாழைப்பழம் சாப்பிட்டாள். நியாயஸ்தர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "அந்த ஏணியை எங்கேருந்து பிடிச்சாங்க? இரவல் கால்ல ஜெயிக்கறதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்று நடுவரிடம் கேட்டார், எதிரணிப் பெற்றோரிடம் கேட்டார், கடைசியில் ஐஸ் விற்கிறவரிடமும் கேட்டார். அடுத்த ஒரு மாதம், கடையில் கண் பரிசோதனைக் கருவிக்குள் முகவாயை வைத்த ஒருவர்கூட அந்தக் கதையைக் கேட்காமல் எழுந்திருக்க முடியவில்லை. முகவாயை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

ஆறாத மனத்தோடு உட்கார்ந்து போட்டிக் குழுவுக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். "வருஷம் பூராவும் வியர்வை சிந்திய பிஞ்சுகளை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, நேற்று வந்த கால்களுக்கு மைதானத்தைத் திறந்துவிடுவது எந்த ஊர் நியாயம்" என்று ஆரம்பித்துப் பொங்கிப் பெருகி ஓடிய அந்தக் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற அந்த அம்மாள், எதையும் ஒரு சொட்டிலேயே எடைபோடுகிறவர்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா, எங்கயும் முற்றுப்புள்ளியைக் காணோமே?"

கடிதம் போனது. பதில் வரவில்லை. குப்பைக் கூடைக்குப் போயிருக்கும் என்று நினைத்து அவரும் மறந்துபோனார்.

இந்த வருஷம் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அணியில் ஒருத்தி சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். இன்னொருத்திக்குப் பொன்னுக்கு வீங்கி. கோச்சுக்கு வார நாட்களில் லிஃப்ட் ரிப்பேர் வேலை; ஏறுவதும் இறங்குவதும் பார்த்துப் பழகியவர், பதறவில்லை.

"எட்டுப் பேர் இருக்காங்க சார். ஏழு பேர் ஆடுவாங்க, ஒருத்தி மாத்தி மாத்தி உக்காருவா. இது போதும்."

போதுமா? நியாயஸ்தர் அகராதியில் அந்த வார்த்தை கிடையாது. விசாரித்தார். அந்த நெட்டைப் பெண்ணின் அணி இந்த வருஷம் போட்டிக்கு வரவில்லை என்று தெரிந்துகொண்டார். அவளுடைய அப்பா பஸ் டிரைவர் என்பதைக் கண்டுபிடித்து, டிப்போ வாசலிலேயே காத்திருந்து, பஸ்ஸை விட்டு இறங்கிய மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பொண்ணு ஒரு நாள் எங்களோட வந்து ஆடட்டுமே! புள்ளைக்கும் ஒரு அனுபவம்தானே?"

அன்று முதல் இரவல் கால் என்ற சொல் அவர் வீட்டில் புழக்கத்தில் இல்லை. கெஸ்ட் என்றார். விருந்தாளி என்றார். ஏணியாக இருந்தவள் 'நம்ம பொண்ணு' ஆனாள்.

"இவளைப் பத்தித்தானே போன வருஷம் மூணு பக்கம் எழுதினீங்க?" என்றார் மனைவி.

"அது வேற, இது வேற."

வாசகரே, இந்த நாலு வார்த்தைகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இந்த இனத்தை இருட்டிலும் அடையாளம் காண இது போதும்.

"எப்படி வேறங்க?"

"அவங்க ஜெயிக்கறதுக்காகக் கூட்டிட்டு வந்தாங்க. நாம ஆள் குறையுதேன்னு கூட்டிட்டு வர்றோம்."

"அதான் எட்டுப் பேர் இருக்காங்களே?"

"எட்டெல்லாம் ஒரு எண்ணிக்கையா?"

போட்டிக்கு முந்தின நாள் கோச்சைத் தனியாக ஓரங்கட்டினார். "அந்தப் பொண்ணை மட்டும் எதுக்கும் வெளிய எடுத்துடாதீங்க. அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்ற புள்ள, பாவம்."

கோச் தலையைச் சொறிந்தார். "அப்போ நம்ம புள்ளைங்கள்ல ஒருத்தி முழுக்க உக்காரணுமே சார்?"

"உக்காரட்டுமே! பொறுமையா உக்காரறதும் ஒரு பயிற்சிதான்."

அப்போது அவர் மனக்கண்ணில் உட்கார்ந்திருந்தது பல் டாக்டரின் மகள். பந்து தன் பக்கம் வந்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிற பிள்ளை. அவள் உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் காலை விசில் ஊதியது. ஆறு பெண்களோடு நெட்டைப் பெண்ணும் மைதானத்தில் இறங்கினாள். பல் டாக்டரின் மகள், கண்ணை மூடியபடியே என்றாலும், பின்வரிசையில் நின்றாள். பெஞ்சில், மாறி மாறி இறங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருந்தது நியாயஸ்தரின் மகள்.

குடை கைநழுவி விழுந்தது. கோச்சிடம் ஓடினார். "என்னப்பா இது?"

"நெட்டைப் பொண்ணு முன்னாடிதான் ஆடுவா. முன்னாடி நடுவுல ஒரே இடம்தான் சார்."

"அதுக்காக என் பொண்ணையா? இது நியாயமா?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, உக்காரறதும் பயிற்சின்னு?"

அன்று காலை அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நெட்டைப் பெண் கோல் போடும்போதெல்லாம் துள்ளிக் குதித்தார். குதித்துக் கீழே இறங்கும்போது பெஞ்ச் கண்ணில் பட்டது. மகள் அங்கே மற்றவர்களின் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியதிலிருந்து சிறியது. பிறகு கலைத்துவிட்டு, சிறியதிலிருந்து பெரியது. அவருக்கு மனசு ஆறவில்லை. உண்மையாகவே ஆறவில்லை, அதில் வேஷம் இல்லை. ஆனாலும் ஸ்கோர் பலகையைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறிப்போனது, அதுவும் உண்மைதான்.

முதல் ஆட்டம் மூன்றுக்குப் பூஜ்யம். அடுத்தது இரண்டுக்குப் பூஜ்யம். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த இரண்டு எதிரணிகளுக்கும் நியாயஸ்தர் வாய்க்கவில்லை.

ஃபைனலில் வாய்த்தார். இடைவேளையில் ஸ்கோர் இரண்டுக்குப் பூஜ்யம் என்று இருக்கும்போது, எதிர்ப்பக்கத்துக் கோட்டோரத்திலிருந்து ஒருவர் விறுவிறுவென்று வந்தார். தோளில் மடக்கு நாற்காலி. கையில் விரிக்காத குடை. கக்கத்தில் பிளாஸ்டிக் ஃபைல். தொழில் தையல் என்பது காதில் சொருகியிருந்த பென்சிலிலிருந்து தெரிந்தது. நேராகப் போட்டிக் குழுத் தலைவியின் மேஜைக்குப் போனார். தலைவி, பல வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் யாரைப் பார்த்தாலும் வீட்டுப்பாடம் எழுதவில்லையோ என்று சந்தேகப்படுகிற முகம்.

"மேடம், பதினோராவது விதி," என்றார் தையல்காரர். "கெஸ்ட் பிளேயர் ஒரு ஆட்டத்துல பாதிக்கு மேல ஆடக்கூடாது. மிச்சப் பாதி, அவளால வெளிய உக்காந்த சொந்தப் புள்ளைக்குத்தான். மீறினா ஆட்டம் எதிரணிக்கு."

நம்மவர் அவசரமாகத் தன் ஃபைலைப் பிரித்தார். எதிரணியை மாட்டிவிடக்கூடிய விதிகளுக்கெல்லாம் மஞ்சள் கோடு போட்டிருந்தார். பதினொன்றின் மேல் ஒரு துளி மஞ்சள்கூட இல்லை. அதைப் படித்தும் இருக்கவில்லை. இப்போது படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்ன கூத்து மேடம்? பாதி ஆட்டத்துல புள்ளையை வெளிய எடுக்கறதா? விளையாட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாத எந்த மேதாவி எழுதின விதி இது?"

தலைவி பையிலிருந்து ஒரு உறையை எடுத்து, அதிலிருந்த காகிதங்களைப் பிரித்து, மூன்றாம் பக்கத்தை மேலே வைத்து அவர் பக்கம் திருப்பினார்.

"உங்க கையெழுத்துதானே? கெஸ்ட்டுக்குப் பாதி ஆட்டம்தான்னு ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே விதியில போட்டுட்டோம். முற்றுப்புள்ளி மட்டும் நாங்க வெச்சோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தையல்காரர் அந்தக் கையெழுத்தை மரியாதையோடு எட்டிப் பார்த்தார். இந்த இடத்தில் நீங்களும் நானும் என்றால் நாற்காலியை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்போம். நியாயஸ்தர் அந்த ரகமா?

"எழுதினேன் மேடம், இல்லேங்கல. ஆனா அது வேற. புள்ளைங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு எழுதினது. இங்க யாருக்கு என்ன கஷ்டம்? வெளிய உக்காந்திருக்கற பொண்ணுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லியே!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் பொண்ணுதான் மேடம்!"

சொல்லிவிட்டுத் திரும்பினார். அவள் மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள், தண்ணீர் பாட்டிலும் கையுமாக. எல்லாம் கேட்டிருந்தது.

தலைவி அவளைப் பார்த்தார். "ஏம்மா, உனக்கு ஆட வேண்டாமா?"

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். குனிந்து, காலையிலிருந்து கட்டியபடியே இருந்த ஷூ நாடாவை அவிழ்த்து, திரும்பவும் இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள். அவசரத்தில் முதல் முடிச்சு விழவில்லை. இரண்டாவது விழுந்தது. பக்கத்தில் நின்ற நெட்டைப் பெண், "அந்த ஏழாம் நம்பர் எப்பவும் இடது பக்கம்தான் திரும்புவா, பார்த்துக்கோ," என்று சொல்லிவிட்டு, போன வருஷம் போலவே வாழைப்பழத்தை உரிக்கத் தொடங்கினாள். அந்த மேஜையருகே நின்ற அத்தனை பேரிலும் நியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

இரண்டாம் பாதியில் அவள் ஓடினாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள். அவள் அடித்த பந்து ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். முழங்கால் வரை சேறோடு வெளியே வந்தவள், நெட்டைப் பெண்ணிடம் கம்பத்தில் பட்ட கதையை நாலு தடவை நடித்துக் காட்டிச் சிரித்தாள். நியாயஸ்தருக்கு எள்ளும் கொள்ளும் வெடித்த முகம்.

காரில் திரும்பும்போது, "அந்த விதி மட்டும் இல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"இல்லாம இருந்திருந்தா உங்க பொண்ணு இன்னும் அந்த பெஞ்ச்லயே உக்காந்திருப்பா," என்றார் மனைவி. 

புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது. பஸ் டிரைவர். "சார், அடுத்த மாசம் எங்க டீமுக்கு ஒரு டோர்னமென்ட் இருக்கு. உங்க பொண்ணு பிரமாதமா ஆடுதுன்னு என் பொண்ணு ஒரே புலம்பல். ஒரு நாள் கெஸ்ட்டா அனுப்புவீங்களா?"

நியாயஸ்தர் முகத்தில் பல்பு எரிந்தது. "இதுக்கெல்லாம் கேக்கணுமா? தாராளமா! புள்ளைக்கும் ஒரு அனுபவம்தானே?" போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்பக்கம் பார்த்துக் கத்தினார். "கண்ணு! உன்னைக் கெஸ்ட்டா கூப்பிடறாங்கடா! பார்த்தியா, தகுதின்னு ஒண்ணு இருந்தா ஊரே தேடி வரும்!"

சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவளுக்கும் சந்தோஷம்தான், முகம் மலர்ந்ததை அவரே பார்த்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் போனா, அங்க யாருப்பா உக்காரணும்?"

அவர் மூன்று பக்கம் எழுதிக் கேட்ட கேள்விதான். அவள் ஒரு வரியில் கேட்டுவிட்டாள். வழக்கமான நாலு வார்த்தைகளுக்காக அவர் வாயைத் திறந்தார். இரண்டு வந்தது. மீதி இரண்டும் வரவில்லை. பொத்திய கைக்குள்ளிருந்து பஸ் டிரைவர் "ஹலோ? சார்? இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்குக் கால்பந்தும் கிடையாது, மடக்கு நாற்காலியும் கிடையாது என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காருங்கள். நீண்ட வரிசையில் முன்னால் நின்ற தெரிந்தவரிடம் உங்கள் விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்பிய நாளைப் பற்றியோ, அதே வரிசையில் வேறொருவர் அதையே செய்தபோது நீங்கள் போட்ட கூச்சலைப் பற்றியோ நான் வாயைத் திறக்கப்போவதில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவர் வேறு, நீங்கள் வேறு.