செக்கிங் அண்ணன் கட்டிய சிவப்பு நூல்

படைக்கிற வேலையை ஆண்டவன் தன்னிடமே வைத்துக்கொண்டான். படைத்ததில் பழுது கண்டுபிடிக்கிற வேலையை மட்டும் திருப்பூர் மண்ணரையிலிருந்த செக்கிங் அண்ணனிடம் விட்டுவிட்டான். அறுபதுகளில் எங்கள் தெருவில் குடியிருந்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியாது. பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் மேசை அவருடையது. தைத்து வரும் பனியனை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். பழுதில்லை என்றால் ஃபர்ஸ்ட். ஓட்டையோ, நூல் விட்டதோ இருந்தால் காஜாவில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி... இல்லை, பனியனுக்கு ஏது பொத்தானும் காஜாவும், கழுத்துப்பட்டியில் கட்டி, செகண்ட்ஸ் பக்கம் போடுவார். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை இதுதான் வேலை. ஆறு மணிக்குப் பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை என்பதுதான் எங்கள் சிக்கல்.

கல்யாணப் பந்தியில் அப்பளத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பார். தங்கை மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், "தப்பா நெனைக்காதீங்க மாப்ள, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். மாப்பிள்ளை பாவம், திரும்பினார். "தோள்பட்டை ஒரு பக்கம் எறக்கமா இருக்குதுங்க. ஆனாப் பரவால்ல, போட்டுக்கலாம்." அந்தக் கல்யாணம் நடந்தது. நன்றாகவும் இருந்தார்கள்.

"அப்ப நீங்க எப்படீங்கண்ணா?" என்று டீக்கடையில் ஒருவர் வம்புக்குக் கேட்டார்.

"நானு செகண்ட்ஸுங்க" என்று பிறவியிலேயே வளைந்த இடது முழங்கையைக் காட்டினார். அதில் வருத்தமெல்லாம் இல்லை. கேட்டதற்குத் தகவல் சொன்னார்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்துக் கபடி டீமில் சேர்த்துக்கொள்ள டிரில் மாஸ்டர் தயார். அப்பா தயாரில்லை. அவர் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். செக்கிங்கில் தேறாத எதையும் வெளியே அனுப்பிப் பழக்கமில்லாத மனிதர். "அண்ணன் சரீன்னு சொன்னா ஆடு. இல்லீன்னா சாயங்காலம் கம்பெனிக்கு வந்து பனியன் மடி" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கபடி என்றால் உயிர். மடிக்கிற மேசையைப் பார்த்தாலே கொட்டாவி வரும்.

அண்ணன் என்னை வாசலில் நிறுத்தி, இரண்டு கையையும் பிடித்து விரித்து, வெயிலுக்கு நேராகப் பார்த்தார்.

"இந்த வயசுப் பசங்க வெளுப்புக்குப் போகாத துணி மாதிரிங்க" என்றார் அப்பாவிடம். "இனித்தான் சுருங்கோணும், படியோணும். இப்பப் புடிச்சு இழுத்துட்டா அப்பறம் எந்தக் காலத்துலயும் உருவத்துக்கு வராது. வெளையாட்டெல்லாம் இருபதுக்கு மேல வெச்சுக்கலாமுங்க."

சொல்லிவிட்டு என் சட்டைக் காஜாவில் சிவப்பு நூலைக் கட்டினார். செகண்ட்ஸ். அம்மா அந்தச் சட்டையைத் துவைத்தபோதும் நூலை அவிழ்க்கவில்லை. அண்ணன் கட்டியதை அண்ணன்தான் அவிழ்க்க வேண்டுமாம். அழுகையாக வந்தது எனக்கு.

விஷயம் கேள்விப்பட்ட டிரில் மாஸ்டர் நேரே டீக்கடைக்குப் போனார். "ஏனுங்கண்ணா, இழுத்தா உருவம் கெடும்ங்கறீங்க. இழுக்காம மடிச்சே வெச்சிருந்தாப் பூச்சி அரிச்சுராதுங்களா?"

அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் அப்பளத்தைக்கூடப் பார்க்காமல் உடைத்தார் என்று சொல்வார்கள். மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். "செகண்ட்ஸுன்னாலும் ஆல்டர் பண்ணிக் கொண்டாந்தா மறுபடி பாக்கறது எங்க வழக்கமுங்க. பாத்துரலாம்."

மறுநாளிலிருந்து தினமும் விடிந்ததும் நொய்யல் பாலம் வரை நான் ஓட வேண்டியதாயிற்று. அவர் பின்னால் சைக்கிளில், குடையோடு வந்தார். எங்கே தையல் விடுகிறது என்று பார்க்கிறாராம். திரும்பி வந்ததும் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ராகிக்களி ரெண்டு உருண்டை சேத்திக் குடுங்க" என்று அம்மாவிடம் சொல்வார். என் கதையைக் கேட்ட மற்ற அப்பாக்களும் மகன்களை அனுப்பினார்கள். மொத்த டீமும் அவர் சைக்கிளுக்கு முன்னால் ஓடியது.

வழியில் பார்த்த டிரில் மாஸ்டர், "என்னங்கண்ணா, நீங்களே பயிற்சி குடுக்கறாப்ல இருக்குது" என்றார்.

"பயிற்சி இல்லீங்க. பழுது பாக்கறேன்."

ஒரு மாதம் முடிந்தும் அவர் வாயிலிருந்து ஃபர்ஸ்ட் என்ற சொல் வரவில்லை. "உடுமலைப் பக்கத்துப் பசங்களோட ஒரு மேட்ச் சாம்பிளுக்கு ஆடட்டும். பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றார். கம்பெனியில் சாம்பிள் பீஸ் தேறாவிட்டால் ஆர்டரே கிடையாது. அப்பா தலையாட்டினார்.

மேட்சுக்கு முந்தின நாள் எங்கள் டீமின் பனியன்களை அண்ணன் பார்த்தார். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு கிழிசல். "திருப்பூர்ப் பசங்க பொத்தப் பனியன்ல ஆடுனா ஊரு என்னத்துக்கு ஆகும்?" என்று அன்றைக்கே தைக்க ஏற்பாடு செய்தார். வெளுத்த துணி கையில் இல்லை. மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய துணியையே அப்பா வெட்டினார்; அண்ணன் செக் செய்தார். இருவருக்கும் சேர்த்து ஐம்பது வருட அனுபவம் இருக்கும். வெளுப்புக்குப் போகாத துணியைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் நான் பாடிக்கொண்டு போனேன். எதிரணியில் இரண்டு பேர் என் பனியனின் அடி ஓரத்தைப் பிடித்தார்கள். நான் நடுக்கோட்டைப் பார்த்து ஓடினேன். அவர்கள் விடவில்லை, பனியனும் விடவில்லை, அது பாட்டுக்கு நீண்டுகொண்டே வந்தது. மூச்சு முடியும் நேரத்தில் குப்புற விழுந்து கோட்டைத் தொட்டுவிட்டேன். பையன் இந்தப் பக்கம், பனியனின் நுனி அந்தப் பக்கம். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி யோசித்தார். எதை வைத்து முடிவு சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அண்ணன் எழுந்து மைதானத்துக்குள் நடந்தார்.

"யாருங்க நீங்க?"

"செக்கிங்குங்க."

திருப்பூரில் அந்த வார்த்தைக்கு மேல் யாரும் பேசுவதில்லை. நடுவர் ஒதுங்கிக்கொண்டார். அண்ணன் குனிந்து பனியனை ஓரம் ஓரமாக விரித்துப் பார்த்தார். பிறகு என்னை எழுப்பி நிறுத்தினார். முட்டியைத் தட்டினார். தோளை அழுத்தினார். என் கையை விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். பனியன் என் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கூட்டத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"பையன் ஃபர்ஸ்ட்டுங்க" என்றார் அண்ணன், அப்பாவைப் பார்த்து. "பனியன்தான் செகண்ட்ஸ். நான் பாத்தது தப்பு."

முப்பது வருடத்தில் அவர் தன் மேசையில் தேறிய ஒன்றைத் திருப்பியது அந்த ஒருமுறைதான் என்று அப்பா பிறகு சொன்னார். அண்ணன் மைதானத்தின் ஓரத்தில் நான் கழற்றி வைத்திருந்த சட்டையை எடுத்தார். மடியிலிருந்த சின்னக் கத்தரியால் காஜாவிலிருந்த சிவப்பு நூலை வெட்டி, பனியன் கழுத்தில் கட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நடுவர் எங்களுக்கு இரண்டு புள்ளி கொடுத்தார். ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம்.

மூன்று வருடம் ஆடினேன். பெரிய ஆட்டக்காரன் ஒன்றும் ஆகவில்லை. பேரனை விளையாட விடலாமா என்று என் மகன் இப்போது என்னைக் கேட்கிறான். மழை வருவதற்கு முன்பே தகவல் சொல்லும் என் வலது முழங்கால், அண்ணன் முதலில் சொன்னதுதான் சரி என்கிறது. என் உடம்பில் மற்றதெல்லாம் அவர் பிறகு சொன்னதைத்தான் சொல்கிறது. விடு, ஆடட்டும் என்றேன்.

அண்ணன் போய் வெகு காலமாகிவிட்டது. அவர் தீர்ப்பில் தப்பாகப் போனது இரண்டே இரண்டு. ஒன்று அந்தப் பனியன். இன்னொன்று, டீக்கடையில் முழங்கையைக் காட்டித் தன்னைப் பற்றிச் சொன்னாரே, அது.