இல்லாத மலையில் ஏறியவன்

எனக்குத் தெரியாத விசயத்தில் நான் வாய் திறப்பதில்லை. தெரிந்த விசயத்திலும் அதிகம் திறப்பதில்லை. பாரிசுக்கு வந்து ஒரேயொரு நாள்தான் நன்றாகத் திறந்தேன். அதுவும் பெண் கேட்கப் போன இடத்தில்.

2011. நான் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினேன். தேவினா அங்கே மரக்கறி வெட்டினாள். மொரிசியஸ்காரி. தமிழ் ஆக்கள்தான், ஆனால் தமிழ் தெரியாது. எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. அதனால் சண்டை வரவில்லை. கலியாணம் செய்யலாம் என்று முடிவெடுத்தோம்.

"அப்பா ஓம் என்றால்தான்," என்றாள். "அவருக்கு நாடு என்றால் உயிர். நாட்டைப் பற்றி நாலு வார்த்தை கதை."

நாலு வார்த்தைக்கு எங்கே போவது? பாரிசில் எங்கட ஆக்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குமாரண்ணையிடம் போனேன். அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. (அவர் சொல்லித்தான் அது எங்களுக்குத் தெரியும்.)

"மொரிசியஸோ? எங்களுக்குப் பக்கத்திலதானே! ஆயிரத்துக்கு மேல குட்டித் தீவு. மேடு பள்ளம் இல்லை. நிலம் ஆளுயரம்தான், கடல் ஏறினா முடிஞ்சுது."

"சனம் என்ன தொழில் அண்ணை?"

"மீன் பிடிக்கும். ஹோட்டல் நடத்தும். அரிசியும் வெளியிலயிருந்துதான். ஜனாதிபதி வைச்சதுதான் சட்டம்."

"நிச்சயமோ?"

"எட, நாங்கள் சம்பலுக்குப் போடுற மாசி எங்கயிருந்து வருது? அங்கயிருந்துதான்! ஒரு கிலோ கொண்டு போ. சொந்த ஊர்ச் சாமான், மனுசன் உருகிப் போவார்."

(அவர் சொன்னது மாலைதீவை. இன்றுவரை அவருக்கு அது தெரியாது.)

மாசி, கருவாட்டுக்கு மூத்த அண்ணன். கல்லுப்போல இருக்கும். நாங்கள் போய்ச் சேர முன்னமே மணம் போய்ச் சேர்ந்துவிடும். தேவினா வீடு இருந்த லா கூர்னெவுக்குப் போன ரயிலில் எனக்கு இரண்டு பக்கமும் இருக்கை காலியாகக் கிடந்தது.

தேவினாவின் அப்பா கதவைத் திறந்தார். றோஸ் நிற வேட்டி, நெற்றி நிறைய விபூதி. வீடு முழுக்கக் கற்பூரப் புகை, மாசி மணம் அதில் அமுங்கிவிட்டது. "வணக்கம்," என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். நாலு சுற்றுப் பேப்பரில் இருந்த என் பார்சலை இரண்டு கையாலும் வாங்கினார். பழம் என்று நினைத்து நேரே கொண்டுபோய் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தார்.

"தைப்பூசம் வருகுது. பத்து நாள் விரதம். வீட்டில முட்டைகூட இல்லை," என்றார். (பேச்சு பிரெஞ்சில்தான். எங்கட தமிழில் எழுதுகிறேன்.)

தேவினா ஒரு கிழமையாக இலைகுழை மட்டும் தின்றதைக் கண்டிருந்தேன். மெலியப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எழும்பிப்போய்ப் பார்சலை எடுத்திருக்கலாம். கால் வரவில்லை. வாய் வந்தது.

"உங்கட நாடு பாவம்," என்றேன். "கடலுக்குள்ள தாழப்போகுது."

"எந்த நாடு?"

"உங்கடதான். மேடே இல்லையே."

அவர் சுவரைக் காட்டினார். பெரிய படம். கூரான மலை, அடியில் கரும்புத் தோட்டம். "அப்ப இது என்ன?"

வடிவாக உற்றுப் பார்த்தேன். "இது வேற நாடு. உங்கட நாட்டில மலை இல்லை."

அவர் பிறந்த வீடு அந்த மலையடியில்தானாம்.

தேவினா முகத்தைப் பொத்தினாள். அவர் கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கரும்பு வெட்டத்தான் அவருடைய முப்பாட்டனைக் கப்பலில் ஏற்றினார்கள். இப்போது சீனி ஆலை, தையல் ஆலை, ஹோட்டல். ஆட்சி பிரதமர் கையில், ஜனாதிபதி பேருக்கு. இந்தியர், ஆபிரிக்கர், சீனர், வெள்ளையர் எல்லாரும் கலந்த சனம். பிறகு ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார்.

"எங்கட நாட்டுக் காசு. இதில உன்ர பாசை இருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாது. நீ வாசி."

தமிழ் எழுத்து! தமிழ் வாசிக்கத் தெரியாத மனுசன் பத்து நாள் விரதம் இருக்கிறார். வாசிக்கத் தெரிந்த நான் முருகனுக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன்.

"நூறு ரூபாய்," என்று வாசித்தேன். அதே நேரம் சாமி அறையில் தேவினாவின் அம்மா கத்திக் குழறினா. பார்சலைப் பிரித்துவிட்டா.

பிறகு வீடு கழுவினார்கள். முருகனைத் துடைத்தார்கள். வரிசையாக எல்லோரும் தலையில் தண்ணீர் வார்த்தார்கள். கடைசியாக என்னையும் வார்க்கச் சொன்னார்கள். மாற்ற உடுப்பு இல்லை. அவருடைய இன்னொரு றோஸ் வேட்டியைக் கட்டிக்கொண்டு, தலை ஈரத்தோடு, தீர்ப்புக்கு நின்றேன்.

"மலை இல்லை எண்டு சொன்னாய்," என்றார். "அந்த மலையில முருகன் கோயில் இருக்கு. வா. காவடியோட ஏறு. ஏறினா மகள்."

அடுத்த தைப்பூசத்துக்கு மொரிசியஸ் போனேன். பாரிசில் பனி. அங்கே தார் ரோட்டு கொதித்தது. வெறுங்காலோடு, தோளில் காவடியோடு, அந்த மலைக் கோயில் படி ஒவ்வொன்றாக ஏறினேன். மேலே போனதும் மூச்சு இல்லை. அவர் எனக்கு முன்னமே ஏறி நின்றார்.

"இது என்ன?"

"மலை."

"சரி," என்றார். அதுதான் சம்மதம். அந்த வருசமே கலியாணம் முடிந்தது.

இப்போது எட்டாம் மாடியில் குடியிருக்கிறோம். லிப்ட் மாதத்தில் இரண்டு தரம் பழுது. கையில் பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு நான் படியைப் பார்த்து நிற்கும்போது, மகள் மேலேயிருந்து பிரெஞ்சில் கத்துவாள்:

"ஏறுங்கோ பப்பா! இஞ்சை மலை இல்லை!"