பயிற்சிக்குப் போய் வந்த டீச்சர்

பயிற்சிக்குப் போய் வந்தவர் என்று ஓர் இனம் உண்டு. மற்ற நாட்களில் இவரும் நம்மைப் போல சாதாரண மனிதர்தான். ஒரு வாரம் பயிற்சிக்கு அனுப்பிப் பாருங்கள். போன ஆள் வேறு, திரும்பி வரும் ஆள் வேறு.

மூன்றாம் வகுப்புக் கணக்கு டீச்சரையே எடுத்துக்கொள்வோம். புரியாமல் போடும் கணக்கு கணக்கே அல்ல என்று முதல் பயிற்சியில் யாரோ சொல்லிவிட்டார்கள். வந்த வேகத்தில் வாய்ப்பாட்டு அட்டையைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் தள்ளினார். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று பளிச்சென்று சொன்ன ஒரு சிறுமியை, ஏன் ஐம்பத்தாறு என்று மடக்கினார். பாவம், அவள் என்ன செய்வாள்? பொத்தான்களை வரிசை வரிசையாக அடுக்கினாள். அடுக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கொஞ்ச நாளில் வகுப்புக்கு எல்லாம் புரிந்துவிட்டது. விடைதான் ஒருவருக்கும் வரவில்லை.

அடுத்த பயிற்சி வேகத்தைப் பற்றியது. பொத்தான் போய் விசில் வந்தது. கேள்வி முடியும்வரை காத்திருப்பது வெட்டி வேலை என்று பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். டீச்சர் “ஒரு பஸ்ஸில...” என்று ஆரம்பித்தால், “நாப்பத்திரெண்டு டீச்சர்” என்று வகுப்பே முழங்கும். சில சமயம் அது சரியாகவும் இருந்து தொலைத்தது.

மூன்றாவது பயிற்சியிலிருந்து, வாழ்க்கைக்கு உதவாத கணக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். வகுப்பு ஜன்னல்களுக்குத் திரை தேவைப்பட்டது. பிள்ளைகளே அளந்து, பிள்ளைகளே பெருக்கித் தந்த கணக்கைத் தையல்காரரிடம் பெருமையாக நீட்டினார்.

“இது ஜன்னலுக்கா டீச்சர், கட்டடத்துக்கா?” என்றார் அவர்.

“குழந்தைங்க போட்ட கணக்கு. அப்படியே தைங்க.”

தைத்தார். திரை வண்டியில் வந்து இறங்கியது. சாணால் அளந்ததை மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். விசில் ஊதும் அவசரத்தில் அதையெல்லாம் யார் பார்ப்பது? தலைமையாசிரியை துணிக் குவியலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பெற்றோர் கூட்டத்துக்குள் இது திரையாகாவிட்டால் அடுத்த வருஷம் உங்களுக்குக் கணக்கு வகுப்பே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

துணி வெட்டுவதற்கென்று எந்தப் பயிற்சிக்கும் டீச்சர் போனதில்லை. வேறு வழியில்லாமல் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். “சாணும் மீட்டரும் ஒண்ணா டீச்சர்?” என்று பொத்தான் அடுக்கிய சிறுமி மெதுவாகக் கேட்டாள். அங்கே பிடித்தது வேலை. யோசித்தார்கள், மறுபடி அளந்தார்கள், சடசடவென்று பெருக்கினார்கள், வெட்டினார்கள். எது புரிதல், எது வேகம், எது பயன் என்று பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. ஜன்னல்களில் திரைகள் கச்சிதமாகத் தொங்கின. மீதித் துணி பள்ளிக்கூடம் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. தாம் ஒரு நல்ல டீச்சர்தான் என்று அன்றைக்கு அவருக்கே தோன்றியது.

மனம் குளிர்ந்த தலைமையாசிரியை என்ன பரிசு கொடுத்தார் தெரியுமா? இன்னொரு பயிற்சி. இந்தத் தடவை சமநிலை.

இப்போது ஒவ்வொரு வகுப்பும் மூன்று சம பங்கு. மணி அடித்தால் புரிந்துகொள்வதைப் பாதியில் நிறுத்திவிட வேண்டும்.

“டீச்சர், பாதிதான் புரிஞ்சிருக்கு.”

“மீதி நாளைக்குப் புரியும்மா. இப்ப வேகம்.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் எவரோ பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும் என்று போன வாரம் வீட்டில் சட்டம் போட்டது யார்? உங்கள் வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். மென்று முடித்ததும் சொல்வார்கள்.