க்விஸ்ட் திட்டம்

கண்ணைத் திறந்தபோது எழுபது பேராசிரியர்கள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை ஹார்லன் ப்ரெக்கி உணர்ந்தார்.

ஆசிரியர் பேரவைக் கூட்டம். துணைத் தலைவர் மார்லிஸ் பாடத்திட்ட அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றாம் பக்கம் வரை ப்ரெக்கிக்கு நினைவிருந்தது. இப்போது கடைசி வரிசையில் பறவையியல் பேராசிரியர் ஆல்டன் க்விஸ்ட் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது புரிந்தது. எதை என்பதுதான் புரியவில்லை. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். உருக்கமான விஷயம் போலிருக்கிறது.

மினசோட்டாவின் லின்ட்வால் பல்கலைக்கழகத்துக்கு ப்ரெக்கி தலைவராகி மூன்று வருடம் ஆகப்போகிறது. மண்ணியல் வாத்தியாராக நுழைந்தவர், துறைத் தலைவராகி, டீனாகி, இந்த நாற்காலி வரை வந்திருந்தார். இருபத்தாறு வருட நிர்வாகத்தில் அவர் யாரையும் முந்தியதில்லை, யாரிடமும் முடியாது என்று சொன்னதுமில்லை. ஒவ்வொரு படியிலும் அவரைத் தூக்கிவிட்டது ஒரே ஒரு வாக்கியம். எழுந்து நின்று அதையே இப்போதும் சொன்னார்.

"முழு மனசோட ஆதரிக்கிறேன், ஆல்டன்."

க்விஸ்ட் அசையாமல் நின்றார். இன்னும் கொஞ்சம் வேண்டும் போல.

"இத்தனை வருஷம் இதைச் செய்யாம விட்டதே தப்பு. இந்தப் பருவம் முடியறதுக்குள்ள முடிச்சிடலாம்."

"பருவம் முடியறதுக்குள்ளயா?" என்றார் க்விஸ்ட்.

"முடிஞ்சா அதுக்கு முன்னாடியே."

யாரோ ஒருவர் கை தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். பிறகு எழுந்து நின்று தட்டினார்கள். அந்த வேகத்தில் கூட்டமும் முடிந்துவிட்டது. க்விஸ்ட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியேறினார். மறுநாள் விடிந்ததும், வருடா வருடம் போவதுபோல, வடக்கே ஓர் ஏரித் தீவுக்குப் பறவை பார்க்கப் போய்விட்டார். அங்கே போனுக்கு சிக்னல் கிடைக்காது.

காலையில் ப்ரெக்கி தன் செயலாளர் வெர்னாவைக் கூப்பிட்டார். பேரவையின் மினிட்ஸை எழுதுவதும் அவர்தான்.

"பேராசிரியர் க்விஸ்டின் கோரிக்கையைத் தலைவர் முழு மனதோடு ஏற்றார். அவை எழுந்து நின்று வரவேற்றது" என்று அதில் எழுதியிருந்தது.

"கோரிக்கையை வார்த்தை மாறாம எழுதலையா வெர்னா?"

"வார்த்தைக்கு வார்த்தை எழுதினா பின்னாடி சண்டை வரும், சாராம்சம் போதும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

சொல்லியிருந்தார்.

மத்தியானம் காப்பி சாப்பிடும் இடத்தில் மார்லிஸைப் பிடித்தார். "நேத்து ஆல்டன் சொன்னதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அதான் நீங்களே சொல்லிட்டீங்களே."

"இல்ல, உங்க வாயால கேக்கலாம்னு..."

"உங்க வார்த்தையே போதும் ஹார்லன். தைரியமான வார்த்தை. பதினஞ்சு வருஷமா இதுக்காகத்தான் காத்துட்டிருந்தேன்."

"எதுக்காக?" என்று ஆவலோடு கேட்டார் ப்ரெக்கி.

"இப்படி ஒரு தலைவருக்காக."

அதற்குமேல் அவரால் கேட்க முடியவில்லை.

அன்று மாலையே அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. க்விஸ்ட் திட்டத்தைச் செயல்படுத்த ஒரு குழு போட்டால், குழு அறிக்கை தரும். அறிக்கையைப் படித்தால் திட்டம் என்ன என்று தெரிந்துவிடும். வேதியியல் பேராசிரியர் டுவேன் ஃபாஸ் தலைமையில் ஒன்பது பேரை நியமித்தார். இரண்டு வாரம் கழித்து ஃபாஸ் வந்தார்.

"ரொம்ப ஆழமா விவாதிச்சோம் சார். ரெண்டு கூட்டம்."

"எதைப் பத்தி?"

"குழுவோட பேரைப் பத்தி. செயல் குழுவா, வழிகாட்டுக் குழுவான்னு. இனிமே விஷயத்துக்குப் போகணும். அதுக்கு முன்னாடி உங்க நோக்கத்தை ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்தீங்கன்னா, வழி தவறாம இருப்போம்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ப்ரெக்கி அந்த ஒரு பக்கத்தை எழுதினார். திட்டம் துணிச்சலானது, காலம் தாழ்ந்தது, அனைவரையும் தொடக்கூடியது, யாரையும் பாதிக்காதது என்று எழுதினார். கடைசிச் சொல்லை மட்டும் தவிர்த்திருக்கலாம்.

'யாருக்கும் பாதிப்பில்லை: தலைவர் உறுதி' என்று திங்கட்கிழமை காலை மாணவர் பத்திரிகை கொட்டை எழுத்தில் போட்டது. ஒன்பது மணிக்கு இசைத் துறை மொத்தமும் டிராம்போன் ஊதுகொம்புகளோடு அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. துறையை மூடப்போகிறார்கள் என்று அவர்களுக்குச் செய்தி.

ப்ரெக்கி படியில் இறங்கி வந்தார். "இசைத் துறையை யாரும் தொடப்போறதில்லை. இது என் வாக்கு."

டிராம்போன்கள் சந்தோஷமாக முழங்கிவிட்டுக் கலைந்தன. இசைத் துறை இல்லையென்றால் அது நாம்தான் என்று மற்ற பதினான்கு துறைகளும் மதியத்துக்குள் முடிவு செய்துவிட்டன. இயற்பியல்காரர்கள் தங்கள் ஆய்வகத்துக்கு உள்ளேயிருந்து பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். மெய்யியல் துறையில் இருந்தது மூன்றே பேர். அவர்கள் மட்டும் இது எதிர்பார்த்ததுதான் என்றார்கள்.

மறுநாள் அறங்காவலர் குழுத் தலைவர் ஜெனீவா ஹாலரன் போன் செய்தார். மே மாதம் ப்ரெக்கியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பது அவர் கையில் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் ஹார்லன். இந்தத் திட்டத்துல உங்களுக்கு உண்மையா நம்பிக்கை இருக்கா?"

"முழு மனசோட, மேடம்."

"அது போதும், விவரம் வேண்டாம். எங்க பக்கம் எட்டுப் பேர் ஆதரவு. ஒருத்தர் கொள்கை அடிப்படையில எதிர்த்து ராஜினாமா பண்ணிட்டார்."

"எந்தக் கொள்கை?"

"நான் கேக்கல. கேட்டா சொல்ல ஆரம்பிச்சிடுவார். ஏப்ரல் முப்பது சிறப்புக் கூட்டம் வெச்சிருக்கேன். நீங்க முழுசா அறிவிச்சிடுங்க. உங்க ஒப்பந்தத்தையும் அன்னிக்கே பேசி முடிச்சிடலாம்."

இனி ஒரே வழிதான். சனிக்கிழமை ப்ரெக்கி மூன்று மணி நேரம் வடக்கே காரோட்டிப் போனார். ஏரியில் பனிக்கட்டி பாதி உருகியிருந்தது; நடக்கவும் முடியாது, படகும் போகாது. எதிரே தீவில் க்விஸ்ட் பைனாகுலரோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

ப்ரெக்கி இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார். "ஆல்டன்! அன்னிக்கு என்ன கேட்டீங்க?"

எங்கிருந்தோ நாற்பது பறவைகள் சடசடவென்று எழும்பிப் பறந்தன. க்விஸ்ட் திரும்பி, அவரை நீண்ட நேரம் முறைத்துவிட்டு, விரலை உதட்டில் வைத்தார்.

ரகசியமாக வைக்கச் சொல்கிறார் என்று ப்ரெக்கி எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து மார்லிஸிடம் அதைச் சொன்னார். மார்லிஸ் முகம் வெளுத்து, "அவ்வளவு பெரிசா?" என்றார்.

ஏப்ரல் முப்பது. அதே அரங்கு. உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். முன்வரிசையில் ஜெனீவா ஹாலரனும் அறங்காவலர்களும். ப்ரெக்கி மேடையேறி, தயாரித்து வந்த நான்கு பக்கத்தைப் பிரித்தார். துணிச்சல், தொலைநோக்கு, முழு மனது எல்லாம் இருந்தன. முதல் வரியைப் படிக்க வாயைத் திறந்தபோது, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, அந்தச் சொற்களைச் சொல்ல அவருக்கு மனது வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"அன்னிக்கு நான் தூங்கிட்டேன்" என்றார். "ஆல்டன் என்ன கேட்டார்னு எனக்குத் தெரியாது. இன்னிவரைக்கும் தெரியாது."

ஒப்பந்தம் போயிற்று, பல்கலைக்கழக வீட்டைக் காலி செய்ய வேண்டும், மண்ணியல் நோட்டுகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்றெல்லாம் அவர் மனது ஓடியது. ஆனாலும் நெஞ்சு லேசாக இருந்தது.

மார்லிஸ் மெதுவாக எழுந்தார். "நான் அப்ப அறுபத்திரண்டாம் பக்கத்தைக் காணோம்னு தேடிட்டிருந்தேன். காதுல எதுவும் விழல."

"நான் தூங்கல" என்றார் ஃபாஸ். "கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன். ரொம்ப நேரமா."

"நீங்க எழுந்து நாற்காலி கிறீச்சிட்டப்பதான் சார் நான் முழிச்சேன்" என்றார் வெர்னா. "மினிட்ஸை அங்கேர்ந்துதான் ஆரம்பிச்சேன்."

தாங்களும் கேட்கவில்லை என்று ஒவ்வொரு வரிசையாகக் கைகள் உயர்ந்தன. ஜெனீவா ஹாலரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்ப அந்தத் திட்டம் என்னன்னு தெரிஞ்சவங்க யாராவது இந்தக் கட்டடத்துல இருக்கீங்களா?"

முன்னூறு தலைகள் பின்னால் திரும்பின. அன்று காலைதான் தீவிலிருந்து வந்து சேர்ந்திருந்த க்விஸ்ட், தொப்பியால் முகத்துக்கு விசிறிக்கொண்டே எழுந்தார்.

"திட்டமா? புழுக்கமா இருக்கு, யாராவது அந்த ஜன்னலைத் திறங்கன்னு கேட்டேன். அவர்தான் பருவம் முடியறதுக்குள்ள முடிச்சிடலாம்னார்."