வளையத்தைக் கழற்ற வேண்டாம், மச்சான்

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சான் அர்ஹம் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் கூடப்பிறந்த ராத்தா ஹாஜறாவும் சுகம். சுகம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதால் எழுதினேன், விபரம் கீழே. வட்ஸ்அப்பில் கதைத்தால் அவள் கேட்டுவிடுவாள் என்றுதான் பேனையை எடுத்தேன்.

நீ வேலை செய்யும் கொழும்பு ஆஸ்பத்திரியில் என் இரைப்பையின் மேல்பக்கம் மாட்டிவிட்ட அந்த வளையத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. தோலுக்குக் கீழே ஒரு பொத்தான், அதில் ஊசியால் நீர் ஏற்றினால் வளையம் இறுகுகிறது, எடுத்தால் தளர்கிறது. வயலுக்கு நீர் விடுகிற வாய்க்கால் கதவை என் வயிற்றுக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள், சுப்ஹானல்லாஹ்! நூற்று அறுபது கிலோ முத்தலிப் மூன்று கவளத்தில் ‘போதும்’ என்றதை என் காதாலேயே கேட்டேன். முன்பெல்லாம் கலியாண வீட்டில் நான் சஹனுக்கு உட்கார்ந்தால், அதே தட்டில் என்னோடு சாப்பிட வேண்டிய ஐந்து பேரும் கை கழுவப் போய்த் திரும்பி வரமாட்டார்கள். இப்போது என் சஹனுக்கு அடிபிடி. என் பங்குக் கோழிக்கால் யாருக்கு என்று எனக்கு முன்னாலேயே பேசி முடிக்கிறார்கள்.

போன மாதம் அடுத்த வீட்டு நிப்லாவின் கலியாணத்தில்தான் வினை. மாட்டிறைச்சித் துண்டொன்றைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன், அது நெஞ்சுக்குள் குந்திக்கொண்டது, அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை சலாம் சொல்லிக் கை நீட்டுகிறார், வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத்தான் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வட்டிலப்பத்துடன் வந்து நிற்கிறார்கள். “எங்களோட என்ன கோவம், முத்தலிப் காக்கா? செல்லுங்க, பேசித் தீர்ப்பம்.” கோபமில்லை என்று காட்ட ஒரு கரண்டி வாயில் வைத்தேன். அதுவும் அவர்கள் முன்னாலேயே திரும்பி வந்தது. இப்போது அவர்களுக்கு உண்மையாகவே கோபம்.

பிறகு ஒரு வெள்ளைக் கரைசலைக் குடிக்கத் தந்து இங்குள்ள ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படமெடுத்தார்கள். தன் இரைப்பையைத் தானே திரையில் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வளையம் வழுக்கிவிட்டதாம், இரைப்பை அதற்கு மேலே ஏறிவிட்டதாம், உடனே கொழும்புக்குப் போய்க் கழற்ற வேண்டுமாம். ஹாஜறா அழுதாள். நான் மேலே ஏறிய இரைப்பையின் கெட்டித்தனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மச்சான், கழற்றவே கூடாது. எத்தனை வருடம் பள்ளியில் கதிரையில் உட்கார்ந்தே தொழுதேன், உனக்குத் தெரியும். எழுபது கிலோ குறைந்த பிறகு, ஒரு நாள் சுபஹுத் தொழுகையில் முழங்கால் மடங்கியது. நெற்றி நிலத்தில் பட்டது. சுஜூதிலேயே அழுதுவிட்டேன், நான் எழும்புவதற்குள் இமாம் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டார். வளையம் போனால் பாரமெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. ஆகவே முத்தலிப் வரமாட்டார் என்று டொக்டரிடம் சொல்லிவிடு. இரண்டு நாளாகத் தண்ணீரும் இறங்குவதில்லை. அதைப் பெரிதாக எடுக்காதே.

பிள்ளைகளுக்கு என் சலாம். துஆவில் என்னோடு வளையத்தையும் சேர்த்துக்கொள்.

உன் மச்சான்,
முத்தலிப்

பி.கு.: தம்பி, ராத்தா எழுதுறன். உறைய ஒட்டித் தபால்ல போடச் செல்லி என்னட்டத்தான் தந்தாரு. கடிதத்தப் போன்ல படமெடுத்து அனுப்புறன். இப்ப வேனுல கொழும்புக்கு வாறம். டொக்டர ஆயத்தமா இரிக்கச் செல்லு, கழட்டட்டும். கதிரையில இருந்து தொழுதாலும் எனக்கு அவரு வேணும். உன்ட வீட்டில இரிக்கிற மாமி மௌத்து, அடக்கத்துக்குப் போவமெண்டு பொய் செல்லித்தான் வேனுல ஏத்தினன், அல்லாஹ் மன்னிக்கணும். வழி நெடுக அழுதழுது வாறாரு. மாமிய வாசல்ல நிக்க வேணாமெண்டு செல்லு.