செல்லப்பாண்டி அடித்த மணியும் நான் வராத காதுகுத்தும்

கொடைக்கானல்
12-11-1959

பாலசமுத்திரம் மாப்பிள்ளை சேனாதிபதி அவர்கள் சமூகத்துக்கு, மச்சான் ஞானவேல் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நான் சௌக்கியம். அப்படி எழுதவே கூச்சமாக இருக்கிறது. காய்ச்சலில் படுத்திருந்தால் அதையே காரணமாகச் சொல்லி ஒரு கார்டோடு முடித்திருப்பேன். தாங்களும் தங்கை சண்முகவள்ளியும் குழந்தை சுந்தரியும் எந்தக் குறையுமில்லாமல் இருக்கப் பழனியாண்டவர் துணை நிற்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் காதுகுத்துக்கு நான் வரவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எப்படி? யார் மடியில் வைத்துக் குத்தினீர்களோ, ஊரார் என்ன கேட்டார்களோ, வள்ளி என்ன பதில் சொன்னாளோ, நினைத்தாலே சோறு இறங்கவில்லை. நாலு நாளாகத் தங்களிடமிருந்து ஒரு வரிகூட வராததிலிருந்தே கோபம் தெரிகிறது. கோபம் நியாயமானது. ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவர் செல்லப்பாண்டி. பதினான்கு வருஷமாக அவர்தான். பள்ளி வளாகத்தின் மூலையில் ஒரு தகரக் கொட்டகையில் மனைவியோடும் பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளோடும் குடியிருக்கிறார். வேலை போனால் வீடும் போகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மேகம் இறங்கி, எதிரே நிற்கிறவர் முகம் தெரியாதபடி மூடிக் கிடந்தது. நாலு மணிக்கு அடிக்க வேண்டிய கடைசி மணியை இவர் மூன்று இருபதுக்கு அடித்துவிட்டார். மணி கேட்டால் பிள்ளைகள் யோசிப்பார்களா? இருநூறு பேரும் ஓடிவிட்டார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டரின் ஜீப் வாசலில் வந்து நின்றது. அவர் உள்ளே வந்தபோது கரும்பலகையில் பாதி எழுதிய செய்யுளும் அதன் முன்னால் நானும்தான் இருந்தோம். பார்வையாளர் புத்தகத்தில், "பள்ளியைப் பார்த்தேன். மாணவர்களை வழியில் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டும் இலக்கணப் பிழையில்லாத வாக்கியங்கள்.

தலைமையாசிரியர் லூர்துசாமிக்கு அன்று இராத்திரி தூக்கமில்லை. செல்லப்பாண்டியை வேலையை விட்டு நிறுத்துவதற்கான கடிதத்தை எழுதி வைத்துவிட்டு, அதைக் கொடுப்பதற்கு முன் முறைப்படி ஒரு விசாரணை வேண்டும் என்று சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆசிரியர்களை வரச் சொன்னார். எனக்கு ஒரு மணி பஸ். பள்ளிக்கூடத்துக்குக் கீழே உள்ள வளைவில் கை காட்டினால் நிறுத்துவார்கள். வத்தலக்குண்டு, திண்டுக்கல் மாறி இரவு பாலசமுத்திரம் வந்துவிடலாம். பட்டுப்பாவாடை, தோடு, இரண்டு கூடை பேரிக்காய் எல்லாவற்றையும் கட்டிக் கையோடு விசாரணைக்கே கொண்டுபோய்விட்டேன். ஒரு மணி அடித்தார், ஏன் சீக்கிரம் அடித்தார், இதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நினைத்தேன் மாப்பிள்ளை. நாலு வாத்தியார்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் எவ்வளவு ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாது.

லூர்துசாமி சரித்திரம் நடத்துகிறவர். அவருக்கு எதுவும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும், எழுத்திலும் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் கட்டியது, மணி வந்து இறங்கியது, முதல் மணியை அடித்தவர், அவர் காலமானது என்று பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். 1947-இல் செல்லப்பாண்டி ஒருநாள் தாமதமாக மணி அடித்ததாக ஒரு வரி கிடைத்ததும், "அன்று அப்படிச் செய்தவர் இன்று இப்படிச் செய்ய மாட்டாரா?" என்றார். அன்றைக்குத் தாமதம், இன்றைக்குச் சீக்கிரம், இரண்டையும் கூட்டினால் சரியாகத்தானே போகிறது என்று கணக்கு வாத்தியார் செபாஸ்டின் குறுக்கே வந்தார். அதிலிருந்து மணி பத்தரை வரைக்கும் அவர் கையில் சாக்பீஸ். மணி அடித்த நேரத்தை ஓர் எழுத்தாகவும் இன்ஸ்பெக்டர் வந்த நேரத்தை இன்னோர் எழுத்தாகவும் வைத்து, பிள்ளைகள் ஓடும் வேகத்தையும் ஜீப் ஏறும் வேகத்தையும் கொண்டு பலகை நிறையப் போட்டுக் கடைசியில், ஒன்று மணி அடிக்கவில்லை, அல்லது இன்ஸ்பெக்டர் வரவில்லை என்று நிரூபித்துவிட்டார். கதவோரம் நின்ற செல்லப்பாண்டி, "மணியும் அடிச்சேன், அவுகளும் வந்தாகளேங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள்.

அடுத்து விஞ்ஞானம் நடத்தும் ஜோசப்பின் டீச்சர். கண்ணால் காணாத எதையும் ஏற்கமாட்டார். தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருக்கும் கடிகாரம் ஓடுவது சரியா என்று தன் கைக்கடிகாரத்தோடு அதன் முன்னால் அரைமணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கடிகாரம் சரி. பிறகு, காற்றில் மணி தானாக ஆடியிருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. எவ்வளவு இழுத்தால் நாக்கு மணியில் மோதும் என்று பார்க்கக் கயிற்றை மெல்ல, கொஞ்சம் பலமாக, பிறகு நன்றாகப் பலமாக இழுத்துப் பார்த்தார். நன்றாகவே மோதியது. கால்மணி நேரத்தில் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் நாற்பது பேர், நேற்று விட்டுப்போன பாடத்தைச் சனிக்கிழமை நடத்துகிறார்களாக்கும் என்று, சிலேட்டும் கையுமாக வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப மறுபடியும் மணி அடிக்க வேண்டியதாயிற்று. அதைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் வந்தார்கள்.

இப்படிப் பன்னிரண்டு ஆகிவிட்டது. நான் பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். அதுதான் என் குற்றம், அதை மறைக்கமாட்டேன். லூர்துசாமி அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். செல்லப்பாண்டி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, இவர் சொன்ன வாக்கியத்தை நாம் யாரும் பார்க்கவேயில்லையே" என்று எழுந்துவிட்டேன். முந்தின நாள் விசாரித்தபோது இவர் சொன்னது, "மணி ஆச்சு, அடிச்சேன்" என்பது மட்டும்தான். இதில் 'மணி' என்பது நேரமா, தொங்குகிற மணியா? 'ஆச்சு' என்பதற்கு எழுவாய் எது? எத்தனை மணி ஆச்சு என்று அவர் சொன்னாரா? சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் கொண்டு தண்டிக்கலாமா? அடிச்சேன் என்று தன்மை ஒருமையில் ஒப்புக்கொண்ட மனிதர் பொய் சொல்கிறவரா? ஒரு சொல்லுக்கு நாலு உதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனேன். செபாஸ்டின் சாரே கண்ணை மூடிக் கேட்டார். தூங்கினார் என்று ஜோசப்பின் டீச்சர் சொல்வதை நான் நம்பவில்லை. எனக்கு நேரமே தெரியவில்லை மாப்பிள்ளை. நான் ஆகுபெயருக்கு வந்திருந்தபோது கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. என் பஸ். நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன், கால் நகரவில்லை. ஆனால் செல்லப்பாண்டி நகர்ந்தார். ஹாரன் கேட்டதும் விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போய் மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் இன்றைக்குச் சனிக்கிழமை என்று நினைவு வந்து கையை எடுத்தார்.

ஜோசப்பின் டீச்சர்தான் அதைப் பார்த்தது. "ஏன் செல்லப்பாண்டி மணிக்கிட்டப் போனீங்க?" என்று கேட்டார்.

"ஒரு மணி வண்டி ஆரன் அடிச்சிருச்சுங்களே டீச்சர். சாப்பாட்டு நேரம் முடிஞ்ச மணி அடிக்கணும்ல."

"கடிகாரம் பார்த்து அடிக்கிறதில்லையா?"

"கடியாரம் பெரிய சார் ரூமுக்குள்ள கெடக்கு. குளிருக்குக் கதவ சாத்திக்கிருவாக. தட்டுனா வைவாக. ஒரு மணி வண்டிக்குச் சாப்பாட்டு மணி, நாலு மணி வண்டிக்கு வீட்டு மணி. பதினாலு வருசமா அப்படித்தான். வண்டி தப்புனதில்லைங்க."

"நேத்து மூணு இருபதுக்கு எந்த வண்டி வந்துச்சு?"

செல்லப்பாண்டி தலையைச் சொறிந்தார். மூடுபனியில் ஏதோ ஒரு வண்டி வளைவில் இரண்டு தடவை ஹாரன் அடித்தது என்றும், அதுதான் நாலு மணி வண்டி என்று நினைத்தேன் என்றும் சொன்னார். அந்த நேரத்தில் மேலே வந்தது ஒரே வண்டிதான், இன்ஸ்பெக்டரின் ஜீப். ஆக, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய மணிக்குக் காரணம் இன்ஸ்பெக்டரேதான். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று லூர்துசாமி கேட்டார்.

"எத்தன மணிக்கு அடிச்சேன்னுதாங்க எல்லாரும் கேட்டீக. எதுக்கு அடிச்சேன்னு யாரும் கேக்கலையே."

லூர்துசாமி எழுந்து போய்த் தன் அறைக் கதவை விரியத் திறந்து வைத்தார். பிறகு அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்தார். கடிகாரத்தை ஆணியோடு பிடுங்கி அன்றைக்கே வராந்தாவில் மாட்டச் சொன்னார். தன் மப்ளரைக் கழற்றிச் செல்லப்பாண்டி கழுத்தில் போட்டார். எழுத்தில் இல்லாத ஒன்றை முதல்முறையாக நம்பியிருக்கிறேன் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். செபாஸ்டின் தன் நிரூபணம் தவறல்ல என்று இன்னும் சொல்கிறார். மணி அடித்ததும் இன்ஸ்பெக்டர் வந்ததும் வேறுவேறல்ல, ஒன்றே என்பதுதான் விடையாம். ஜோசப்பின் டீச்சருக்கு, கண்ணால் பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது என்று பெருமை. நான் அவ்வளவு நேரம் பேசியிராவிட்டால் அந்த பஸ் வரும்போது எல்லோரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு.

நாலு மணி வண்டி மேலே வருவது; கீழே போகும் அடுத்த பஸ் மறுநாள் காலைதான். அதில் ஏறினாலும் குழந்தைக்குக் காது குத்தி, சாப்பாட்டுப் பந்தியும் முடிந்த பிறகே வந்து சேர்வேன். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து வேட்டி மாற்றி, முகூர்த்த நேரத்தில் கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மடியில் பட்டுப்பாவாடையை வைத்துக்கொண்டேன். அந்த நேரம் செல்லப்பாண்டியும் அவர் மனைவியும் ஒரு தூக்குவாளி நிறையப் பாயசத்தோடு வந்தார்கள். மகளுக்கு விடியற்காலை சுகப்பிரசவம், ஆண் குழந்தை. அந்தத் தகரக் கொட்டகையில் பிறந்திருக்கிறான். பாயசம் குடிக்கும்போது எனக்குத் தங்கள் கோபம்கூட மறந்துபோயிருந்தது, அதற்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும்.

வள்ளியிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். சுந்தரியின் இரண்டு காதுக்கும் தனித்தனியாக என் ஆசி. புண் ஆறும்வரை தேங்காயெண்ணெய் தடவச் சொல்லவும்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
ஞானவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் தங்கள் மஞ்சள் தடவிய அழைப்பிதழைக் கொடுத்துவிட்டுப் போகிறார். காதுகுத்து கார்த்திகை மாதம் நாலாவது ஞாயிறு என்று அச்சிட்டிருக்கிறது. முன்பு பஸ்ஸில் பார்த்தபோது தங்கள் ஊர்ப் பொன்னுவேல் காதுகுத்து "நாலாவது ஞாயிறு" என்று மட்டும்தான் சொன்னார். எந்த மாதம் என்று நான் கேட்கவில்லை; இந்த ஐப்பசி என்று நானே எடுத்துக்கொண்டேன். ஆகவே குழந்தையின் காதில் எண்ணெய் தடவ வேண்டாம். இன்னொன்று: இன்ஸ்பெக்டர் விட்டுப்போன பார்வையை முடிக்க வரும் தேதியும் இதே தபாலில் வந்திருக்கிறது. அது தங்கள் காதுகுத்துக்கு முந்தின சனிக்கிழமை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டாம். மேலே கேட்ட மன்னிப்பைத் தயவுசெய்து கையில் வைத்திருங்கள். ஆனாலும் நான் கவலைப்படவில்லை. செல்லப்பாண்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். "நீங்க ஒரு மணி வண்டிக்கு நிம்மதியாப் போங்க சார், நான் வெள்ளனே மணி அடிச்சிர்றேன்" என்கிறார்.