கடலுக்கு முதுகைக் காட்டியவர்

"எங்க ஊர்ல இல்லாததா?" என்று கேட்கும் இனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இது செழிப்பாக வளர்கிறது. வெளியூருக்குக் கிளம்பும், ஆனால் உடம்பு மட்டும்தான் போகும். மனசு தெருமுனையிலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிடும்.

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் பஞ்சாட்சரம் இதில் உயர்ந்த ரகம். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி மஹாலட்சுமி கடல் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சர்வதீர்த்தக் குளத்துல இல்லாத தண்ணியா?" என்று சொல்லியே இருபத்தாறு வருஷத்தை ஓட்டிவிட்டார் மனுஷர். போன மாசம் மகள் அகிலா யாரையும் கேட்காமல் புதுச்சேரிக்குக் கார் பேசிவிட்டாள்.

கடலை ஒட்டிய பழைய பிரெஞ்சுக்காரத் தெருக்களில் கால் வைத்ததுமே ஆரம்பித்துவிட்டார். மஞ்சள் சுவரா? அவர் மச்சான் வீட்டுச் சுவர் இதைவிட மஞ்சள். அகலமான தெருவா? நம்ம ராஜ வீதியில் தேரே திரும்பும், இங்கே திரும்புமா? பழைய கலங்கரை விளக்கம் ஏகாம்பரநாதர் கோபுரத்தின் தோளுக்காவது வருமா என்று அண்ணாந்து பார்த்து, ஒரு கண்ணை மூடி அளந்து, வராது என்று தீர்ப்பும் சொல்லி, அந்தத் தீர்ப்பை அங்கே போட்டோ எடுத்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத புதுத் தம்பதிக்கும் அறிவித்துவிட்டுத்தான் நகர்ந்தார். ஒரு வீட்டு வாசலில் காகிதப்பூ கொத்துக்கொத்தாகத் தொங்கியது. அதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தும்மல் வந்துவிட்டது.

கடற்கரைச் சாலைக்கு வந்ததும் மஹாலட்சுமி நின்றுவிட்டாள். காற்றில் பறந்த முந்தானையைக்கூடப் பிடிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பினாள்.

"ஏங்க, இது நம்ம ஊர்ல எங்க இருக்குது? சொல்லுங்க."

மடக்கிவிட்டாள்! அகிலா போனை இறக்கிவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பஞ்சாட்சரம் கடலை இடமிருந்து வலமாகப் பார்த்தார், வலமிருந்து இடமாகப் பார்த்தார். காஞ்சிபுரத்தின் மானம் மொத்தமும் அந்த நிமிஷம் அவர் பதிலில்தான் இருந்தது.

"இம்மாந்தண்ணி இருந்து இன்னா பிரயோஜனம்? இதுல பட்டுக்குச் சாயம் ஏத்த முடியுமா?"

"ஹலோ, எங்க கடலை இன்னா சொன்னீங்க?"

கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் விறுவிறுவென்று வந்தார். பெயர் ஆனந்தராஜ். அதே இனம்.

"குடிக்க முடியாத தண்ணிக்கு இவ்ளோ கூட்டமான்னு கேக்கறேன்பா."

"மீனு குடிக்குதே சார்!"

இருவரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் உட்கார்ந்து விவாதத்தில் இறங்கினார்கள். தாயும் மகளும் காத்திருப்பார்களா? பாறைகளை ஒட்டி நடந்தார்கள், ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். ஓர் அலை எகிறி மஹாலட்சுமியை முழங்கால்வரை நனைத்தது. அம்மா அப்படிக் கெக்கலி கொட்டிச் சிரித்து அகிலா கேட்டதே இல்லை.

சண்டை முற்றியிருக்குமோ என்று பயந்தபடி திரும்பி வந்தார்கள். முற்றித்தான் இருந்தது. ஆனால் பஞ்சாட்சரமும் ஆனந்தராஜும் தோளோடு தோள் நின்று மூன்றாவது ஆள் ஒருவரைப் போட்டுத் தாளித்துக்கொண்டிருந்தார்கள். பாவம், சென்னைக்காரர். போகிறபோக்கில், "இதெல்லாம் ஒரு பீச்சா? எங்க மெரினாவைப் பாருங்க" என்று சொல்லிவிட்டாராம்.

"யோவ், உங்க மெரினாவுல தண்ணிகிட்ட போறதுக்குள்ள காலு ஓஞ்சிபூடும்! இங்க பாரு, ரோட்டோரமே கடலு. இந்தமாதிரி எங்கனா பாத்திருக்கியா நீ?" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டார் பஞ்சாட்சரம்.

மஹாலட்சுமி சேலையைப் பிழிந்துகொண்டு நிதானமாகச் சுவரில் உட்கார்ந்தாள், கடலைப் பார்த்தபடி. இது முடிய நேரமாகும். ஆகட்டுமே.

இவ்வளவையும் படித்துவிட்டு, "இவரெல்லாம் ஒரு ஆளா, எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார் பாருங்க..." என்று வாயெடுக்கிறீர்கள், இல்லையா?

சரி, உங்களுக்கு எந்த ஊர்?